கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். பெரிய கார் வாங்க ஷோரூம் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: கடைசி சீட்டை. பானட்டைத் திறப்பது, திரையைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் பிறகு. வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூட்டிப் போங்கள். மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்களோ, அவர்களை முதலில் ஏறச் சொல்லுங்கள். நடுவரிசை சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டிய வண்டிகள்தான் அதிகம். பிள்ளைகள் குதித்து ஏறிவிடுவார்கள். அறுபதைத் தாண்டிய முட்டிக்கு அது நடக்காது. ஏறி உட்கார்ந்த பிறகு முட்டி நெஞ்சுக்கு வருகிறதா, முன்சீட்டுக்கு அடியில் பாதம் நுழைகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா, ஏசி காற்று அங்கே வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் முதல் இருபது நிமிஷம் ஷோரூம்காரரே ஓட்டட்டும். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கிவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.

உங்கள் ஆறு பேருக்கு நடுவரிசையில் தனித்தனியாக இரண்டு சீட் இருக்கும் ஆறு சீட் வண்டி பொருந்தும். இரண்டு சீட்டுக்கும் நடுவே நடந்து பின்னால் போய்விடலாம். பெரியவர்கள் நடுவில், பிள்ளைகள் பின்னால்.

கேள்வி: ஏழு சீட் என்றால் ஏழு பேரும் ஏழு பேருடைய பெட்டியும் போகுமா? (நாகர்கோவில்)

பதில்: ஏழு பேர் போகலாம், பெட்டிகள் போகாது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர். அதைவிடப் பெரிய இன்னோவா கிரிஸ்டாவுக்கே 300 லிட்டர்தான். விமானத்தில் போடும் பெரிய பெட்டி ஒன்றே 90, 100 லிட்டர் பிடிக்கும். ஆகவே ஏழு பேர் கல்யாணத்துக்குப் போனால் பெரிய பெட்டி இரண்டு, மிச்சத்துக்குத் துணிப்பை. மேலே கேரியர் போட்டு அடுக்கலாம் என்று நினைத்தால், கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டு அடுக்குங்கள். உயரமான வண்டியின் தலையில் பாரம் ஏற ஏற, வளைவில் அது சாய்வதும் கூடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், "ஃபார்ச்சூனர் எல்லாம் பெரிய வண்டியே இல்லை" என்கிறார். உண்மையா? (கோவை)

பதில்: அவர் ஊருக்கு உண்மை. அங்கே முழு அளவு என்று சொல்லப்படும் செவர்லே சபர்பன் 1935லிருந்து வருகிற பெயர். இப்போதைய வண்டி 5.7 மீட்டருக்கும் மேல் நீளம். ஃபார்ச்சூனர் 4.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஊருக்கு அளவுகோல் உங்கள் வீட்டு கேட். சஃபாரி, ஸ்கார்பியோ என் இரண்டும் 1.9 மீட்டருக்கு மேல் அகலம். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கூடும். எட்டடி கேட் என்றால் 2.44 மீட்டர். வண்டி நுழையும், ஆனால் நுழைந்தபின் கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும். டேப் எடுத்து இன்றைக்கே அளந்துவிடுங்கள். அடுக்குமாடியில் லிஃப்ட் போல ஏற்றி நிறுத்தும் பார்க்கிங் இருந்தால், அது தாங்கும் எடையையும் உயரத்தையும் சங்கத்தில் கேளுங்கள். ஃபார்ச்சூனர் காலியாக இருக்கும்போதே சுமார் இரண்டு டன்.

கேள்வி: இன்னோவா எஸ்யூவியா, இல்லையா? (கரூர்)

பதில்: இல்லை. ஆனால் ஏழு பேர் வசதியாக உட்கார வேண்டும் என்பதே முதல் தேவையானால், பல எஸ்யூவிகளைவிட நல்ல எஸ்யூவி அதுதான்.

கேள்வி: லேடர் ஃபிரேம், மோனோகாக் என்று சேல்ஸ் தம்பி வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு எது? (ஈரோடு)

பதில்: லேடர் ஃபிரேம் என்றால் லாரி மாதிரி. அடியில் ஏணி போல ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் உடல். ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா இந்த வகை. மோனோகாக்கில் தனிச்சட்டம் கிடையாது, உடலே எலும்பு. எக்ஸ்யூவி 700, சஃபாரி, இன்னோவா ஹைகிராஸ் இந்த வகை. தோட்டத்துக்குப் போகிற மண் பாதை, குவாரி ரோடு, மலை எஸ்டேட் என்று வாரம் தவறாமல் போகிறவருக்கு ஏணிச்சட்டம் உழைக்கும். ஈரோட்டிலிருந்து சென்னைக்கு நாலுவழிச் சாலையில் போய் வருகிறவருக்கு மோனோகாக் சுகம். தரை தாழ்வதால் ஏறி இறங்கவும் எளிது, வளைவில் உடல் ஆட்டமும் குறைவு. வருஷத்துக்கு ஒருநாள் வரப்பில் இறங்குவதற்காக மீதி 364 நாள் குலுங்க வேண்டாம்.

கேள்வி: 20 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறோம். புதிதா, செகண்ட் ஹேண்டா? நீங்கள் எதைச் சொல்வீர்கள்? (மதுரை வாசகி)

பதில்: அம்மா, முதலில் 20 லட்சத்துக்கு எந்த வண்டி வரும் என்று பார்ப்போம். விளம்பரத்தில் இருக்கும் எக்ஸ் ஷோரூம் விலை 17 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுள் வரிப்படி 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். அதாவது 3 லட்சத்து 6 ஆயிரம். 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அது 17 ஆயிரம். (வருமான வரிக் கணக்கில் இதைத் திரும்பப் பெறலாம். நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.) இன்ஷூரன்ஸ் சேர்க்கும் முன்பே 20 லட்சத்தைத் தாண்டியாயிற்று. ஆகவே உங்கள் 20 லட்சத்துக்கு வருவது 16 லட்சத்துச் சொச்ச வண்டி.

செகண்ட் ஹேண்டில் இந்த மூன்று லட்சத்தை முதல் ஓனர் கட்டி முடித்துவிட்டார். ஆயுள் வரி வண்டியோடு வருகிறது. தேய்மானத்தின் பெரும்பகுதியும் அவர் கணக்கில் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி ஷோரூமை விட்டு ஆறு மாதம் ஆனால் 15 சதவீதம், ஒரு வருஷம் தாண்டினால் 20, மூன்று வருஷம் தாண்டினால் 40 சதவீதம் குறைத்துத்தான் வண்டியின் மதிப்பைப் போடுவார்கள். சந்தையில் எல்லா வண்டியும் அந்த வேகத்தில் இறங்காது. இன்னோவா மெதுவாக இறங்கும், அதிகம் விற்காத மாடல் தடாலென்று இறங்கும்.

என் தீர்ப்பு இது. வருஷத்துக்கு 10 ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும், ஒரே ஓனர் வைத்திருந்த, கம்பெனி சர்வீஸ் பதிவு முழுதாக உள்ள வண்டியை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒன்றரை லட்சத்தை அப்படியே ஒதுக்கி வையுங்கள். டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று முதல் இரண்டு வருஷத்தில் அது தேவைப்படும். ஓட்டம் அதிகம், பத்து வருஷம் வைத்துக்கொள்வோம், பழைய வண்டி பார்க்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை என்றால் புதிது.

கேள்வி: டாப் மாடல் 20 லட்சத்து 10 ஆயிரம், அதற்கு ஒரு படி கீழே 19 லட்சத்து 90 ஆயிரம். இருபதாயிரம்தானே, டாப் எடுத்துவிடலாமா? (சேலம்)

பதில்: இருபதாயிரம் இல்லை, 64 ஆயிரம். 20 லட்சத்தைத் தாண்டியதும் ஆயுள் வரி 18லிருந்து 20 சதவீதம் ஆகிறது. கீழே உள்ளதற்கு 3 லட்சத்து 58 ஆயிரம், மேலே உள்ளதற்கு 4 லட்சத்து 2 ஆயிரம். அந்த வித்தியாசத்தில் நல்ல டயர் ஒரு செட் வந்துவிடும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்ததில் பெரிய காருக்கு என்ன லாபம்? (வேலூர்)

பதில்: நல்ல லாபம். நாலு மீட்டருக்கு மேல் நீளமும் பெரிய இன்ஜினும் உள்ள எஸ்யூவிக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து 40 சதவீதம், செஸ் கிடையாது. பழைய வண்டி வாங்குகிறவர் இதை மறக்கக் கூடாது. "நான் 24 லட்சம் போட்டு எடுத்தேன்" என்று விற்கிறவர் சொல்வது குறைப்புக்கு முந்தைய விலை. அதே வண்டி இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று பார்த்து, அங்கிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஏழு வருஷ லோன் எடுத்தால் மாதத் தவணை குறைகிறதே? (தஞ்சாவூர்)

பதில்: தவணை குறையும், வட்டி வளரும். 15 லட்சம், 9 சதவீதம், குறையும் இருப்பு முறை என்று கணக்குப் போடுவோம். ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 31,140 ரூபாய், மொத்த வட்டி 3 லட்சத்து 68 ஆயிரம். ஏழு வருஷத்துக்கு மாதம் சுமார் 24,130, மொத்த வட்டி 5 லட்சத்து 27 ஆயிரம். ஏழாயிரம் குறைத்ததற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூலி.

இதைவிட மோசம் ஃபிளாட் வட்டி. செகண்ட் ஹேண்ட் லோனில் "9 சதவீதம் ஃபிளாட்" என்று சொன்னால், நீங்கள் கட்டித் தீர்த்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். அதே 15 லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 6 லட்சத்து 75 ஆயிரம். உண்மையான விகிதம் சுமார் 16 சதவீதம். "ஃபிளாட்டா, குறையும் இருப்பா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை, வேளச்சேரி)

பதில்: உங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இரண்டு முறை சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து, வேறு ஊரில் பளபளவென்று நிற்கும்.

என் வீட்டிலேயே இது நடந்தது. 2016ல் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் எடுத்த ஏழு சீட் வண்டி. ஓட்டிப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது மாதம் பவர் விண்டோ நின்றது, பிறகு மீட்டர் விளக்குகள் தாமாக எரிந்தன, ஒருநாள் திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் இன்ஜினே அணைந்தது. அம்மா கடைசி வரிசையில் இருந்தார். பின்னால் லாரி. ஒதுக்கி நிறுத்த இடம் கிடைத்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஒர்க் ஷாப்பில் தரைக் கார்ப்பெட்டைத் தூக்கியதும் அடியில் மாவு மாதிரி வண்டல் படிந்திருந்தது.

ஆகவே சொல்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், எல்லா வரிசையிலும். மேலே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். சீட் நகரும் தண்டவாளத்திலும் சீட்டின் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியில் கையை விட்டுத் தடவுங்கள். ஹெட்லைட்டுக்குள் ஈரப் படலம், வண்டிக்குள் அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம், பழைய வண்டியில் புத்தம்புதுக் கார்ப்பெட் – இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகி வந்துவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த இந்தக் காலத்து வண்டியில் தண்ணீர் புகுந்தால், அதற்கு முழு வைத்தியம் கிடையாது.

புதிது வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. சாதாரண பாலிசியில், தண்ணீர் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேருங்கள். சேர்த்திருந்தாலும் நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள். இழுத்துப் போக ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: "டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், 38 ஆயிரம்தான் ஓடியிருக்கு" என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (திண்டுக்கல்)

பதில்: டாக்டரை விடுங்கள், பிரேக் பெடலைப் பாருங்கள். 38 ஆயிரத்தில் பெடல் ரப்பர் மழுங்காது, ஸ்டியரிங் உறை பளபளக்காது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2019 வண்டி, 38 ஆயிரம் ஓட்டம் என்று சொல்லி, நாலு டயரும் இரண்டாவது செட்டாக இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சேசிஸ் நம்பரைக் கொண்டுபோய்க் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும். ஓனரின் சம்மதத்தோடு போங்கள். சம்மதிக்க மறுத்தால் அதுவே பதில்.

கேள்வி: டெல்லியில் ஃபார்ச்சூனர் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். போய் எடுத்து வரலாமா? (திருப்பூர்)

பதில்: விலை உண்மை, காரணமும் உண்மை. டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் நீதிமன்றத் தடைகள் வந்ததால், வயது நெருங்கிய வண்டிகளைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் கொடுப்பது அந்த விலை மட்டும் இல்லை. அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். வண்டிமேல் கடன் (ஹெச்.பி.) பதிவாகி இருந்தால் அதை ரத்து செய்து வாங்க வேண்டும். இங்கே வந்து வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும், டி.என். நம்பர் வாங்க வேண்டும். வேறு மாநில நம்பரில் 12 மாதத்துக்கு மேல் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கான அலைச்சல் தனி.

இதையெல்லாம் கூட்டி, உங்கள் ஊரிலேயே கிடைக்கும் வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டு லட்சத்துக்குள் வித்தியாசம் என்றால் திருப்பூரிலேயே வாங்குங்கள். இங்கே ஓனர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், வண்டி பார்த்த மெக்கானிக்கை நேரில் விசாரிக்கலாம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அதைச் செய்ய முடியாது.

கேள்வி: டி போர்டு இன்னோவாவை ஓன் போர்டாக மாற்றி விற்கிறார்கள். வாங்கலாமா? (விழுப்புரம்)

பதில்: வாங்கலாம், டி போர்டு விலைக்கு. டாக்ஸியாக இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நன்றாக இருக்கும் இன்னோவாக்கள் உண்டு. மறைத்து விற்பதுதான் தப்பு. ஆர்.சி. வரலாற்றைக் கேளுங்கள். நம்பர் பிளேட் மாட்டிய இடத்திலும் கதவு விளிம்பிலும் பழைய ஸ்டிக்கர் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓன் போர்டு வண்டியை வாரக் கடைசியில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டால் இ.எம்.ஐ.க்கு உதவுமே அண்ணே? (சிவகாசி)

பதில்: வேண்டாம் தம்பி. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். உள்ளே இருந்த ஏழு பேரின் குடும்பமும் உங்கள் வாசலுக்கு வரும்.

கேள்வி: பழைய ஃபோர்டு எண்டெவர் மேல் ஆசை. கம்பெனிதான் போய்விட்டதே? (செங்கல்பட்டு)

பதில்: உங்கள் பக்கத்து மறைமலை நகரில் பிறந்த வண்டி, ஆசை வராமல் இருக்குமா? இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. வண்டி உறுதி, சாலையில் நிற்கும் விதம் அருமை. கேள்வி உதிரி பாகத்தில் இருக்கிறது. வாங்கும் முன் உங்களுக்கு அருகில் இப்போதும் இயங்கும் ஃபோர்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஹெட்லைட், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் பாகம் மூன்றுக்கும் விலையும், வந்துசேர ஆகும் நாளும் கேளுங்கள். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் எண்டெவர் வாங்கலாம். ஒரே கார் இதுதான் என்றால் என் வாக்கு வேறு வண்டிக்கு. பிரசவத்துக்கு ஓட வேண்டிய அன்று பாகம் வருமென்று காத்திருக்க முடியாது.

கேள்வி: டீசலா, பெட்ரோலா, ஹைபிரிடா? (புதுக்கோட்டை)

பதில்: ஓட்டத்தைச் சொன்னால் எண்ணெயைச் சொல்லலாம். ஏழு சீட் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், டீசல் 13ம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 என்றால், கிலோமீட்டருக்கு டீசலில் மிச்சம் சுமார் 3 ரூபாய். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் விலை கூடுதல் என்றால் அதை ஈடுகட்ட 50 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷம் 8 ஆயிரம் ஓட்டுகிறவருக்கு ஆறு வருஷம் ஆகும்.

இன்னொன்று, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்துவிட்டது. சூடேறி ஓடினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். டீசல் வாங்கினால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பல டீசல்களுக்கு ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும்.

ஹைபிரிட் நகர நெரிசலில் சம்பாதிக்கும். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிடுக்குச் சோதனை மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். மாருதி இன்விக்டோவும் அடிப்படையில் அதே வண்டிதான், ஹைகிராஸ் வரும் பிடதி தொழிற்சாலையிலேயே உருவாவது. காத்திருப்பு எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள். பழைய பெட்ரோல் வண்டி எடுக்கிறவர் மட்டும், அது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் இந்தக் கேள்வி அவசியம்.

கேள்வி: பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள்... (காரைக்குடி)

பதில்: அந்தப் பணத்தில் ஏர்பேக் கூடுதலாக உள்ள மாடலை எடுங்கள். ஓடும் வண்டியில் கூரை வழியே பிள்ளை தலையை நீட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? (தூத்துக்குடி)

பதில்: கண்ணைத் திறந்து இரண்டாவது எண்ணையும் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி 700 பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. ஸ்கார்பியோ என் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 3. நம் நாட்டின் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை ஹாரியரும் சஃபாரியும்.

யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று உண்டு. முன்பக்க மோதல் சோதனையில் பொம்மைகள் உட்காருவது முன்வரிசையிலும் இரண்டாவது வரிசையிலும். மூன்றாவது வரிசையில் யாரும் இல்லை. நம் வீட்டில் அங்கே பிள்ளை உட்காருகிறது. அதனால் ஜன்னலோரம் இறங்கும் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீள்கிறதா, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் அங்கே உண்டா, தலைத் தாங்கி தலை உயரத்துக்கு வருகிறதா என்று நீங்களே சோதிக்க வேண்டும். சீட்டுக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்றும் பாருங்கள். பின்னாலிருந்து இடிக்கும் வண்டிக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையே அவ்வளவுதான் இருக்கிறது.

கேள்வி: பேரனை மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? குழந்தை சீட் என்று பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள். (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: போதாது டீச்சர். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. நடுவரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும், அதில் குழந்தை சீட்டை மாட்டுங்கள். பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே சொல்கிறது. பெரியவர்களும் பின்சீட்டில் பெல்ட் போட வேண்டும். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே இறந்தது, விலை உயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தபோது.

கேள்வி: டாடா சுமோவுக்கு ஜப்பான் மல்யுத்தத்தின் பெயரையா வைத்தார்கள்? (ராஜபாளையம்)

பதில்: இல்லை. டெல்கோவை (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் ஆங்கிலத்தில் முதல் இரண்டிரண்டு எழுத்துகளை எடுத்து வைத்தது. 1994ல் வந்தது.

கேள்வி: கொல்லிமலைக்கு ஏழு பேரோடு போகிறோம். உயரமான வண்டி, பயமாக இருக்கிறது. (நாமக்கல்)

பதில்: அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். டயர் காற்றை முழுப் பாரத்துக்கான அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். வாந்தி வரும் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: என் பழைய சஃபாரியை விற்றுப் பணமும் வாங்கிவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறார். எனக்கு என்ன வந்தது? (திருநெல்வேலி)

பதில்: எல்லாமே உங்களுக்குத்தான் வரும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே சட்டத்தின் கண்ணில் ஓனர். அந்த வண்டி விபத்து செய்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டையும் நீங்களே ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவர் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். உங்கள் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிப் புது வண்டிக்குப் பயன்படுத்துங்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லை என்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும்.

கேள்வி: உயரமான எஸ்யூவிக்கு 50 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். நேற்று மாமியாரைக் கூட்டிப் போய்க் காட்டினோம். அவரால் ஏறவே முடியவில்லை. வண்டி இன்னும் வரவில்லை. என்ன செய்வது? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: பக்கவாட்டில் படி மாட்டி, கைப்பிடியைப் பிடித்து இன்னொரு தடவை ஏறச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை, மெதுவாக. அப்போதும் முட்டி வலித்தால் அந்த வண்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். புக்கிங்கை ரத்து செய்கிறோம் என்று இன்றைக்கே கடிதமாகவும் மின்னஞ்சலாகவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வண்டி உங்கள் பெயரில் பதிவாவதற்கு முன் சொல்லிவிட்டால் பணத்தின் பெரும்பகுதி திரும்பிவிடும். சில ஆயிரம் பிடித்தாலும் போகட்டும். அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது அத்தையை முன்னால் விட்டுப் போங்கள், அவர் ஏறி உட்கார்ந்து "சரி" என்று சொன்ன பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.